டீசல் குடிக்கும் மின்விசிறி

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் சிலவற்றுக்குத் தாம்போதி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் என்று தெரு போன இடமெல்லாம் மின்கம்பியும் கூடவே போயிற்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்கு முன்னால் கடல் கிடக்கிறது. நாட்டின் மின்வலையமைப்பு அந்தக் கடலைத் தாண்டவில்லை. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் நெடுந்தீவு. அங்கே பல்லாண்டுகளாக விளக்கெரிந்ததும் விசிறி சுழன்றதும் இலங்கை மின்சார சபையின் டீசல் இயந்திரங்களின் புண்ணியத்தில்தான்.

அரசாங்கம் ஒரு பொருளை வாங்கும்போது உண்மையில் எதற்குப் பணம் கொடுக்கிறது என்று படிப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இலங்கையில் இல்லை. கொழும்பில் ஓர் அலுவலகத்துக்குக் குளிரூட்டி வாங்கினால், அதை ஓட்டும் மின்சாரம் லக்ஸபான நீரிலிருந்து வந்ததா, நுரைச்சோலை நிலக்கரியிலிருந்து வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கம்பியில் கலந்து வருகிறது. நெடுந்தீவில் அந்த மயக்கம் இல்லை. டீசலை மட்டும் நம்பியிருக்கும் ஒரு தீவில், சுவரில் உள்ள ஆளியைத் தட்டினால் மின்நிலையத்தில் சில துளி எண்ணெய் கூடுதலாக எரியும். அந்தத் துளியும் கடல் கடந்து வந்தது.

எவ்வளவு எண்ணெய்? ஒரு லீற்றர் டீசலுக்குள் ஏறத்தாழ 10 கிலோவாற்று மணி வெப்பசக்தி இருக்கிறது. நல்ல மின்பிறப்பாக்கி அதில் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். மீதி புகைக்குழாயாலும் ரேடியேற்றராலும் காற்றில் போகும். ஆகவே ஒரு யூனிற், அதாவது ஒரு கிலோவாற்று மணி மின்சாரத்துக்கு 0.3 லீற்றர் என்பது மனதில் வைத்துக்கொள்ளத் தக்க கணக்கு. ஆனால் இது இயந்திரம் நன்றாகச் சுமை இழுக்கும்போதுதான். 100 கிலோவாற்று இயந்திரமொன்று முழுச் சுமையில் மணிக்கு 28 லீற்றர் குடிக்கிறது. சுமை கால் பங்காகும்போது குடிப்பும் கால் பங்காக, 7 லீற்றராகக் குறைய வேண்டும் என்று நினைப்போம். குறைவதில்லை. 10 லீற்றர் அளவில் நின்றுவிடும். உராய்வை வெல்வதற்கும் நீர்ப்பம்பியையும் காற்றாடியையும் சுழற்றுவதற்குமான செலவு சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்கு மேலே, நெடுநேரம் குறைந்த சுமையில் ஓடினால் எரியறை போதிய சூடேறாது. எண்ணெய் முழுதாக எரியாமல் புகைவழியில் கரியும் பிசினும் படியும், இயந்திரத்தின் ஆயுளும் குறையும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு சுமைக்குக் கீழே ஓட்டாதீர்கள் என்று இயந்திரகாரர் சொல்வார்கள். பின்னேரம் விளக்கு வைக்கும் நேரத்தில் உச்சமாகவும் பின்னிரவில் அடிமட்டமாகவும் போகும் ஒரு சிறு தீவின் தேவைக்கு இந்த அறிவுரை எவ்வளவு பொருந்தாதது என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது பணத்தைப் பார்ப்போம். அதே 100 கிலோவாற்று இயந்திரம் சராசரியாக அரைச் சுமையில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது என்று வையுங்கள். மணிக்கு 15.5 லீற்றர், ஆண்டுக்கு 8,760 மணித்தியாலம். மொத்தம் 1,35,000 லீற்றருக்கு மேல். 2021 முடியும்போது இலங்கையில் ஓட்டோ டீசல் லீற்றர் 121 ரூபாய். அந்த விலையில் ஓராண்டு எண்ணெய்ச் செலவு 1 கோடி 64 இலட்சம். இயந்திரத்தின் கொள்விலை இதற்குப் பக்கத்தில்கூட வராது. 2022 ஜூன் இறுதியில் டீசல் 460 ரூபாயைத் தொட்டது. அதே இயந்திரம், அதே எண்ணெய், செலவோ 6 கோடியைத் தாண்டுகிறது. இயந்திரத்தை வாங்கக் கையெழுத்திட்ட அதிகாரி எவரும் இந்தத் தொகைக்கு அன்று கையெழுத்திடவில்லை. ஆனால் வாங்கியது என்னவோ இதையுந்தான்.

பொருளின் விலை, அது உழைக்கும் காலம் முழுவதற்குமான எரிபொருள் அல்லது மின்சாரம், பராமரிப்பு, கடைசியில் கழித்துக்கட்டும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதை ஆயுட்காலச் செலவுக் கணக்கு என்கிறார்கள். பசுமைப் பெறுகை என்று இன்று உலகமெங்கும் பேசப்படுவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கூட்டல்தான். மீதி, பணமாகக் கணக்கிட முடியாத புகையையும் குப்பையையும் எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற வாதம்.

கூட்டல் எளிது என்றால் ஏன் செய்வதில்லை? பொருளுக்குக் காசு கொடுப்பவரும் அதன் தீனிக்குக் காசு கொடுப்பவரும் வேறுவேறு ஆட்கள் என்பதே முதற் காரணம். ஒரு பாடசாலைக்கு விசிறி வாங்கும் பணம் ஒரு தலைப்பில் வருகிறது, மின்கட்டணம் இன்னொரு தலைப்பில் போகிறது. நெடுந்தீவில் இந்த விரிசல் இன்னும் அகலம். இலங்கையில் மின்கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்று. கொழும்புக்காரர் கட்டும் வீதமே நெடுந்தீவாருக்கும். அது நியாயமானது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் தீவில் ஒரு யூனிற் உண்டாக்கும் உண்மைச் செலவு அந்தப் பட்டியலில் தெரிவதே இல்லை. நட்டம் மின்துறையின் பொதுக் கணக்கில் கரைந்துவிடுகிறது. வாங்குகிறவர் கண்ணில் டீசல் படுவதில்லை.

இரண்டாவது காரணம் விலைமனு விதி. இலங்கையில் நெடுங்காலம் நடைமுறையிலிருந்த 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டல்களும், வேறு பல நாடுகளின் விதிகளும், தகுதியான விலைமனுக்களுள் மதிப்பீட்டில் குறைந்ததற்குக் கொடு என்கின்றன. ஊழலுக்குப் பயந்து போட்ட நல்ல வேலி அது. ஆனால் பெட்டியைத் திறந்து மேலே எழுதியுள்ள தொகையை மட்டும் பார் என்று அந்த விதி சொல்லவில்லை. விலைமனு ஆவணத்தில் முன்கூட்டியே அறிவித்திருந்தால் ஓடும் செலவையும் கூட்டி மதிப்பிட அது இடம் தருகிறது. கணக்காய்வில் கேள்வி வரும் என்ற அச்சத்தில் அந்த வாசலைப் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. விலை குறைந்ததை வாங்கி அது மூன்று வருடத்தில் பழுதானால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். விலை கூடியதை வாங்கினால் மறுநாளே கோப்பு கேட்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரத் துறைக்காரருக்கு இந்தக் கூட்டல் பழைய பாடம். உலகெங்கும் மின்சார நிறுவனங்கள் மின்மாற்றி வாங்கும்போது அதன் இழப்பைப் பணமாக்கி விலையோடு கூட்டித்தான் விலைமனுக்களை ஒப்பிடுகின்றன. மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் யாரும் மின்சாரம் எடுக்காத நேரத்திலும் சிறிது சக்தியை வெப்பமாக்கிக்கொண்டிருக்கும். அந்த இழப்பு ஒன்றைவிட மற்றொன்றில் 100 வாற்று கூடுதல் என்றால் ஆண்டுக்கு 876 யூனிற், 25 ஆண்டில் 21,900 யூனிற். மலிவாகத் தெரிந்த மின்மாற்றி இந்தத் தொகையைச் சுமந்துகொண்டு வரிசையில் பின்னால் போய்விடும். கம்பத்தில் ஏறும் பெட்டிக்குச் செய்யும் கணக்கை, கூரையில் தொங்கும் விசிறிக்குச் செய்யாததற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் இல்லை.

விசிறியையே எடுப்போம். வழமையான கூரை விசிறி 75 வாற்று இழுக்கும். அதனுள் இருப்பது தூண்டல் மோட்டார். சுழலும் பாகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலத்தால் இழுத்துச் சுழற்றுவது அதன் வழி. தூண்டிய மின்னோட்டம் சும்மா ஓடாது, வெப்பமாகவும் கழியும். நெடுநேரம் ஓடி நின்ற விசிறியின் வயிற்றைத் தொட்டால் சுடுவதற்கு அதுவும் ஒரு காரணம். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டாரில் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தம் பதித்திருக்கிறார்கள். அங்கே மின்னோட்டமும் இல்லை, அந்த இழப்பும் இல்லை. அதே காற்றுக்கு 30 வாற்று போதும். மிச்சம் 45 வாற்று.

45 வாற்றா என்று சிரிக்கலாம். ஆஸ்பத்திரி விறாந்தையில் நாளுக்கு 12 மணிநேரம், ஆண்டில் 300 நாள் ஓடினால் 162 யூனிற். டீசலில் அது ஏறக்குறைய 50 லீற்றர். ஒரு விசிறி, ஓர் ஆண்டு. லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 15,000 ரூபாய், காற்றில் 130 கிலோ கரியமிலவாயு. பிரதேச செயலகம், வைத்தியசாலை, பாடசாலைகள், பிரதேச சபை எல்லாவற்றிலும் எத்தனை விசிறி தொங்குகிறது என்று எண்ணிப் பெருக்கிக்கொள்ளுங்கள். தெருவிளக்கையும் நீரிறைக்கும் மோட்டாரையும் நான் இன்னும் தொடவில்லை.

அரசாங்கம் வாங்கும் முறையை மாற்றினால் சந்தையே திரும்பும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1993இல் அமெரிக்க அரசு தன் அலுவலகங்களுக்கு எனர்ஜி ஸ்டார் தரம் பெற்ற கணினிகளையே வாங்கவேண்டும் என்று ஆணையிட்டது. அதற்கு முந்திய ஆண்டுதான் அந்த முத்திரை பிறந்திருந்தது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளரை இழக்க எந்தக் கம்பனியும் விரும்பவில்லை. அரசுக்கு ஒரு மாதிரி, மற்றவர்களுக்கு இன்னொரு மாதிரி என்று செய்வதும் கட்டுப்படியாகாது. 2001இல் இன்னோர் ஆணை வந்தது: நிறுத்திவைத்த நிலையிலும் மின்சாரம் உறிஞ்சும் கருவிகளில் 1 வாற்றுக்கு மேல் உறிஞ்சாதவற்றைத் தேடி வாங்குங்கள் என்று. பக்கத்து நாட்டில் நடந்தது இதைவிடப் பெரிது. இந்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் எல்.இ.டி. குமிழ்களை ஊரூராக வாங்காமல் நாட்டுக்கே மொத்தமாக விலைமனு கேட்டு வாங்கியது. 2014இல் 310 இந்திய ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. உஜாலா என்ற அந்தத் திட்டத்தில் 36 கோடிக்கு மேல் குமிழ்கள் வீடுகளுக்குப் போயின. குமிழின் விஞ்ஞானம் இரண்டு வருடத்தில் அவ்வளவு மாறவில்லை. மாறியது பெரும்பாலும் வாங்கிய விதம்.

இனி நெடுந்தீவின் பெரிய விலைமனுவுக்கு வருவோம். எழுவைதீவில் சிறிய அளவில் காற்றாலை, சூரியப் படல், மின்கலம், டீசல் நான்கையும் இணைத்த கலப்பு மின்நிலையம் ஒன்றை மின்சார சபை முன்னோடியாக நிறுவியிருந்தது. அதே முறையை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் கொண்டுபோக ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் சர்வதேச விலைமனு கேட்கப்பட்டது. சீனாவின் சினோசோர்-ஈடெக்வின் கூட்டு நிறுவனம் தேர்வாகி, 2021 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று தீவுகளும் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து 50 கிலோமீற்றர் அளவில் இருப்பவை. இந்தியா ஆட்சேபித்தது. கடனுக்குப் பதிலாகத் தானே மானியம் தருவதாகவும் சொன்னது. 2021 டிசம்பர் தொடக்கத்தில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிறுத்தப்பட்டது என்று கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச் 28ஆம் திகதி, இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் இருந்தபோது, புதிய புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று நாள் கழித்து, டீசல் இல்லாமல் இலங்கை முழுவதும் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மூன்று தீவுகளில் டீசலைக் குறைக்கும் திட்டம் யார் கொடியின் கீழ் நடப்பது என்று ஒரு வருடத்துக்கு மேலாக இழுபட்டுக்கொண்டிருந்த நாட்டில்தான் இது நடந்தது. 2024 மார்ச் 1ஆம் திகதி இலங்கை நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபையும் பெங்களூரின் யூ சோலார் நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்திய மானியம் 11 மில்லியன் டொலர்.

ஒப்பந்தத்தின் எண்கள் சுவையானவை. மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரியப் படல் 1,700 கிலோவாற்று, காற்றாலை 530 கிலோவாற்று, மின்கலம் 2,400 கிலோவாற்று மணி, இவற்றோடு காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாற்று. எல்லாவற்றிலும் பெரிய எண் டீசலுக்கு! இதைப் பார்த்துப் பசுமைத் திட்டம் என்பது வெறும் பெயர் என்று சொல்பவர்கள் வலுவையும் சக்தியையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2,500 என்பது அந்த இயந்திரங்களால் எவ்வளவு முடியும் என்ற அளவு. எத்தனை மணிநேரம் ஓடவேண்டி வருகிறது என்பதுதான் எண்ணெயைத் தீர்மானிக்கும். மாரியில் நாலு நாள் வெயில் முகம் காட்டாமல், காற்றும் விழுந்துபோனால் ஆஸ்பத்திரி இருளக்கூடாது. அதற்காகத்தான் அந்த இயந்திரம் நிற்கிறது.

வடக்கின் வெயிலில் 1 கிலோவாற்றுப் படல் நாளுக்குச் சராசரி 4 யூனிற் தரும் என்று கொண்டால், 1,700 கிலோவாற்றிலிருந்து 6,800 யூனிற். முழுவதும் பயன்பட்டால் நாளுக்கு 2,000 லீற்றர் டீசல் மிச்சம். காற்றின் கதை வேறு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருந்து கிடைக்கும் வலு எட்டு மடங்காகும். ஆகவே ஆண்டுச் சராசரி வேகம் என்ற ஒற்றை எண் காற்றாலைக்காரருக்குப் பெரிதாக உதவாது. வைகாசியில் எழும்பிப் புரட்டாதி வரை வீசும் சோளகத்தில் காற்றாலை இரவும் பகலும் உழைக்கும். மாரியில் வாடை அதைச் சுழற்றும். அந்த நாட்களில்தான் முகில் மூடிப் படல் சோர்ந்திருக்கும், ஆகவே ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிடும், ஆனால் வெயில் கொளுத்தும். தீவுக் கடற்றொழிலாளிக்குப் பரம்பரையாகத் தெரிந்த இந்த நாட்காட்டிதான் கலப்பு முறையின் அடிப்படை.

மின்கலத்தில் வந்து நமது விசிறி மறுபடி தலைகாட்டுகிறது. 2,400 யூனிற் சேமிப்பிலிருந்து மூன்று தீவும் இரவில் 300 கிலோவாற்று இழுத்தால், மாலை 7 மணிக்குத் தொடங்கி அதிகாலை 3 மணிக்கு வெறுமையாகும். டீசலை எழுப்ப வேண்டும். விசிறியும் விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் நல்லவையாகி, தேவை 240 கிலோவாற்றுக்கு இறங்கினால் அதே மின்கலம் காலை 5 மணிவரை தாங்கும். விடியல் கூப்பிடு தூரம். இவை தீவுகளின் அளந்த தேவை அல்ல, வாய்ப்பாட்டுக் கணக்கு. ஆனால் விகிதம் மாறாது: தேவையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சேமிப்பு கால் பங்கு பெருத்ததற்குச் சமம். மின்கலத்தைக் கால் பங்கு பெருப்பிப்பதற்கு ஆகும் செலவில் எத்தனை விசிறி வாங்கலாம்! மின்நிலையத்தை டெல்லியின் பணத்தில் பெரிதாகக் கட்டிவிட்டு, அலுவலகத்துக்கு மலிவு விசிறியை யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்குவது ஓட்டைக் குடத்தில் நீரள்ளும் வேலை.

தீவுக்கு வாங்கும் பொருளுக்கு இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். சூரியப் படல்கள் உப்புமூட்டத்தைத் தாங்குமா என்று சோதிக்க ஐ.ஈ.சி. 61701 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. விலைமனு விவரக்குறிப்பில் அந்த ஒரு வரி இருந்தால் போதும். இல்லாவிட்டால் கடலில்லாத உட்பகுதிக்குச் செய்த மலிவுப் படல் கரைக்கு வந்துசேரும்.

அடுத்தது நிலம். நெடுந்தீவு சுண்ணக்கல் தீவு. வேலிகள்கூட முருகைக்கல்லால் கட்டியவை. துளையுள்ள அந்தக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, பாரமான கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. சாராப்பிட்டிக் கிணறுகள் போன்ற சில இடங்களில் மட்டும் குடிக்கத்தக்க நீர் கிடைக்கிறது. மேல்மண் மெலிந்தது, வடிகட்ட எதுவுமில்லை. கழிவு எஞ்சின் எண்ணெயோ, செத்துப்போன ஈய மின்கலத்தின் அமிலமோ சிந்தினால் நேரே கிணற்றுக்குத்தான் போகும். அதனால் பழைய மின்கலத்தையும் படலையும் கழிவெண்ணெயையும் விற்றவரே திரும்ப ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இங்கே அலங்காரம் அல்ல. ஆயுட்காலச் செலவின் கடைசி வரி அது.

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இந்த விடயத்தில் பார்த்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. மானியமாக வந்தால் வாங்கும் விலை பூச்சியம். ஆயுட்காலச் செலவு பூச்சியம் அல்ல. இன்வேர்ட்டர் பழுதானால் உதிரிப்பாகம் எந்த நாட்டிலிருந்து எத்தனை நாளில் வரும், கட்டுப்பாட்டு மென்பொருளை இங்குள்ள பொறியியலாளர் திறந்து பார்க்க முடியுமா, பத்துப் பதினைந்து ஆண்டில் மின்கலம் தளரும்போது மாற்றுவதற்குப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கும், தீவுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பராமரிப்புப் பயிற்சி கிடைக்கும்? சீன விலைமனு என்றாலும் இந்திய மானியம் என்றாலும் இக்கேள்விகள் மாறுவதில்லை. நாடுகள் பலவற்றில் வெளிநாட்டு உதவியில் வந்த சூரியப் படல்கள் செயலிழந்து கிடப்பதற்குக் காரணம் வெயில் குறைந்தது அல்ல, பெரும்பாலும் இவற்றை யாரும் கேட்காததுதான்.

மின்நிலையம் யாருடையது என்பதைக் கொழும்பும் டெல்லியும் பெய்ஜிங்கும் தீர்மானிக்கட்டும். விவரக்குறிப்பை எழுதுவது வாங்கும் அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது. நெடுந்தீவின் பிரதேச சபையும் வைத்தியசாலையும் பாடசாலைகளும் அடுத்த முறை விளக்குக்கோ விசிறிக்கோ நீரிறைக்கும் மோட்டாருக்கோ விலைமனு கோரும்போது, விலையோடு வாற்று எண்ணையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவேண்டும். அந்த வாற்றைப் பத்தாண்டு ஓடும் மணிகளால் பெருக்கி, யூனிற்றுக்கு 0.3 லீற்றர் டீசல் என்று பணமாக்கி விலையோடு கூட்டி மதிப்பிடப்படும் என்பதையும் அதே அறிவித்தலில் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அறிவித்தலில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.